பட்டறைப் பதில்கள்: லிமிட்டர் இருக்கிறதென்று அமுக்கலாமா?

டயர், பேட்டரி, ஏர்கோன் பற்றிய கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கிறேன். இந்த மாதம் ரவாங்கிலிருந்து ஒரு வாசகர் ரெவ் லிமிட்டரைப் பற்றி, அதாவது இன்ஜின் ஓர் எல்லைக்கு மேல் வேகமாகச் சுற்றாமல் தடுக்கும் அமைப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டு மற்றக் கடிதங்களைப் பார்த்தால், பாதிக்குப் பாதி அதே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. செந்தூலில் என் பட்டறைக்கு வரும் பையன்களும் இதைத்தான் பேசுகிறார்கள். அதனால் இந்தப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. 2018-இல் வாங்கிய மைவி 1.5 அவன் கையில்தான் இருக்கிறது. காலையில் காடியை வாசலில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ‘தட் தட் தட்’ என்று கேட்கும்வரை ஆக்சிலரேட்டரை அமுக்குகிறான். கேட்டால், “பா, லிமிட்டர் இருக்கு, இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தானே கம்பெனிக்காரன் வெச்சிருக்கான்” என்கிறான். அவன் சொல்வது சரியா?
*வாசகர், ரவாங்*

பாதி சரி, ஐயா. அந்தப் பாதியை முதலில் சொல்கிறேன். அது புரிந்தால்தான் மீதி ஏன் தப்பு என்று அவனுக்கு எடுத்துச்சொல்ல முடியும்.

அதிக வேகத்தில் இன்ஜின் உடைவது பெட்ரோல் எரிகிற வேகத்தால் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உள்ளே ஓடும் பாகங்கள் தங்கள் சொந்த எடையாலேயே பிய்ந்துபோகின்றன. உங்கள் மைவியில் பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 90.6 மில்லிமீட்டர். மீட்டரில் நிமிடத்துக்கு 6,000 சுற்று என்று முள் நிற்கும்போது, பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் நொடிக்கு 100 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை முழுதாக நின்று திரும்ப வேண்டும். அதாவது நொடிக்கு 200 தடவை நிற்கிறது. நடுவழியில் அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து பூஜ்யத்துக்கு வர அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர் இடமும், நொடியில் 400-இல் ஒரு பங்கு நேரமும்தான்.

அப்படி நிற்கும்போது புவியீர்ப்பைப்போல 2,000 மடங்குக்கு மேலான இழுப்பு வருகிறது. பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்த்து 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகள் அந்தக் கணத்தில் 600 கிலோவுக்கு மேல் தாங்குகின்றன. கம்ப்ரெஷன் நேரத்திலாவது மேலே அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனைக் கொஞ்சம் தடுத்துப் பிடிக்கும். புகை வெளியேறும் நேரத்தில் மேலே அப்படி எதுவும் கிடையாது. முழு இழுப்பும் போல்ட்டுக்குத்தான். ராட் போல்ட் அறுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அறுந்த ராட், இன்ஜினின் உடலான பிளாக்கின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். என் பட்டறைச் சுவரோரம் அப்படி ஓட்டை விழுந்த பிளாக் ஒன்றை வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் பாடம் அதைத் தொட்டுப் பார்ப்பது.

இந்த இழுப்பு வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 6,000 போய் 9,000 ஆனால் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. 12,000 ஆனால் நான்கு மடங்கு.

அடுத்தது, சிலிண்டருக்குள் காற்றையும் புகையையும் விட்டு மூடும் வால்வு. கேம்ஷாஃப்ட் வால்வைத் திறக்கத்தான் செய்யும். மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும்போது மாவைத் தள்ளிவிடும் கையை நினைத்துப் பாருங்கள். குழவி நிதானமாகச் சுற்றும்வரை கை உள்ளே போய் வெளியே வந்துவிடும். குழவியின் வேகம் கையின் வேகத்தை மிஞ்சினால் விரல் நசுங்கும். வால்வும் அப்படித்தான். ஒரு வேகத்துக்கு மேல் ஸ்பிரிங்கால் அதை நேரத்துக்கு இழுத்து மூட முடியாது. வால்வு மிதக்க ஆரம்பிக்கும்; மேலே வரும் பிஸ்டன் அதை முட்டும்; வால்வு வளையும்.

இந்த இரண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் லிமிட்டர். பழைய ஐரோப்பியக் கார்கள் சிலவற்றில் அது டிஸ்டிரிபியூட்டருக்குள் இருந்தது. ரோட்டாரில் ஒரு சின்ன எடையும் ஸ்பிரிங்கும் இருக்கும். வேகம் மிஞ்சினால் எடை வெளியே தள்ளப்பட்டு, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரத்தைத் திருப்பிவிடும். கார்புரேட்டர் காலத்துக் கார்கள் பலவற்றில் அதுவும் கிடையாது, ஓட்டுபவரின் காதுதான் லிமிட்டர். இப்போது இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு பார்த்துக்கொள்கிறது. கிராங்கோடு ஒரு பல் சக்கரம் சுற்றும். பல இன்ஜின்களில் 60 பற்களுக்கு இடம் வைத்து, அதில் 2 பற்களை இல்லாமல் விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியைக் கொண்டு சென்சார் கிராங்கின் நிலையையும் வேகத்தையும் கணக்கிடும். வைத்த எல்லையைத் தொட்டவுடன் ஈசியு, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களை மூடிவிடும். வேகம் சில நூறு சுற்று இறங்கியதும் மறுபடி திறக்கும். மூடித் திறந்து மூடித் திறக்கும் அந்தச் சத்தம்தான் உங்கள் மகன் ரசிக்கும் ‘தட் தட் தட்’.

ஏன் ஸ்பார்க்கை நிறுத்தாமல் பெட்ரோலை நிறுத்துகிறார்கள்? ஸ்பார்க்கை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குப் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அதன் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் கதவை (‘திராட்டில்’) எலெக்ட்ரானிக் முறையில் இயக்கும் புதிய கார்களில் முதலில் காற்றை மெதுவாகக் குறைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பெட்ரோலை வெட்டுகிறார்கள். அதனால் அவற்றில் சத்தமும் குறைவு.

சரி, மகன் எங்கே தவறுகிறான்? “காடி நிற்கிறது, பாரம் எதுவும் இல்லை, இன்ஜின் சும்மா சுற்றுகிறது” என்று நினைக்கிறான் போலிருக்கிறது. மேலே சொன்ன 600 கிலோ கணக்கில் காரின் பாரம் எங்கேயும் வரவில்லை பாருங்கள். பிஸ்டனின் எடையும் சுற்றும் வேகமும் மட்டும்தான் வருகின்றன. வீட்டு வாசலில் நியூட்ரலில் தொடும் 6,000-மும் நெடுஞ்சாலையில் தொடும் 6,000-மும் ராட் போல்ட்டுக்கு ஒன்றே. இது தெரிந்துதான் பல புதிய கார்களில் நியூட்ரலிலும் பார்க்கிங்கிலும் 4,000-க்குப் பக்கத்திலேயே இன்ஜினைக் கட்டிவைத்துவிடுகிறார்கள்.

அப்புறம், காலையில் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. ராத்திரி முழுவதும் நின்ற இன்ஜினில் எண்ணெய் பெரும்பகுதி கீழே தொட்டிக்கு இறங்கியிருக்கும். கோலாலம்பூர் வெயில் ஊர்தான். ஆனாலும் விடியற்காலை 25 டிகிரியில் இருக்கும் எண்ணெய், இன்ஜின் ஓடிச் சூடான பிறகு இருப்பதைவிட மிகவும் கெட்டி. அலுமினியப் பிஸ்டன் சீக்கிரம் சூடாகி விரியும், அதைச் சுற்றியுள்ள சிலிண்டர் தாமதமாகத்தான் விரியும். பி.எம்.டபிள்யூ 2000-ஆம் ஆண்டு வாக்கில் கொண்டுவந்த எம்3 காரில், எண்ணெய் சூடாகும்வரை மீட்டரின் மேல் பகுதியில் விளக்குகள் எரியும். சூடாக ஆக ஒவ்வொன்றாக அணையும். இவ்வளவுதான் இப்போது சுற்றலாம் என்று ஓட்டுபவருக்கு அறிவிப்பு. மற்றக் கார்களில் பெரும்பாலும் அந்த அறிவிப்பு கிடையாது, நாம்தான் பொறுக்க வேண்டும்.

லிமிட்டருக்குத் தெரிவது கிராங்கின் வேகம் ஒன்றுதான். எண்ணெய் அளவு குறைந்திருப்பதோ, எண்ணெய் மாற்றி வருடக்கணக்காகிவிட்டதோ, பேரிங்கில் செம்பு தெரிய ஆரம்பித்திருப்பதோ அதற்குத் தெரியாது. நல்ல நிலையில் உள்ள இன்ஜினுக்கு வைத்த எல்லை அது. அதில் போய்க் குடியிருக்கச் சொல்லி யாரும் வைக்கவில்லை.

மகனைத் திட்ட வேண்டாம், ஐயா. இன்ஜின் சத்தத்தை ரசிக்கும் பையன் நாளை நல்ல மெக்கானிக்காக வரலாம். சூடான பிறகு, சாலையில், ஏற்றத்தில் முந்தும்போது 5,000 வரை தாராளமாகப் போகட்டும். அதனால் ஒன்றும் ஆகாது. வாசலில் நிறுத்தி அமுக்குவதை மட்டும் விடச் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை பட்டறைக்கு அனுப்பினால் அந்த ஓட்டை பிளாக்கைக் காட்டுகிறேன்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கெந்திங் மலைக்குப் போனோம். இறங்கும்போது நான்தான் ஓட்டினேன். ஆட்டோ கியர், எல் என்ற கீழ் கியரில் போட்டு இறங்கினேன். இன்ஜின் 4,500 வரை போய்ச் சத்தம் போட்டது. “இன்ஜின் வெடிச்சிடும், டி-யில் போடு” என்றார் கணவர். போட்டேன். பாதி வழியில் பிரேக் வாடை வந்துவிட்டது. யார் செய்தது சரி? இன்னும் வேகம் ஏறியிருந்தால் லிமிட்டர் காப்பாற்றியிருக்குமா?
*ஆசிரியை, கோம்பாக்*

நீங்கள் செய்ததுதான் சரி, டீச்சர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த மலையில் பிரேக் பிடிக்காமல் போய் உயிர்கள் போயிருக்கின்றன.

கெந்திங் உச்சி ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். ஆட்களும் சாமான்களுமாக 1,300 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து 1,000 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமானால், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். இன்ஜின் வாங்காவிட்டால் பிரேக் பேடும் டிஸ்க்கும்தான். டாட் 3 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. நம் ஊர் ஈரத்தில் நாள்பட்டு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 வரை இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும். பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. உங்களுக்கு வந்த வாடை அதற்கு முந்தின எச்சரிக்கை. பிரேக் எண்ணெயை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி நான் எல்லாரிடமும் கெஞ்சுவது இதற்குத்தான்.

4,500-க்கு வருவோம். மீட்டரில் ஆபத்தான வேகத்தைக் காட்டும் சிவப்புக்கோடு 6,000-க்கு மேல் இருக்கும் இன்ஜினுக்கு 4,500 ஒரு சுமையே அல்ல. அந்த நேரத்தில் அது பெட்ரோலும் குடிப்பதில்லை. காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது ஈசியு இன்ஜெக்டர்களை மூடிவிடுகிறது. சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுற்றுகின்றன. மூடிய திராட்டிலுக்கு எதிராகப் பிஸ்டன்கள் காற்றை இழுத்து இழுத்துக் காரைப் பிடித்து நிறுத்துகின்றன. சத்தம் பெரிதாகக் கேட்கும், வெப்பம் குறைவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. லிமிட்டர் காப்பாற்றியிருக்காது. அதற்குத் தெரிந்த ஒரே வேலை பெட்ரோலை நிறுத்துவது. இறக்கத்தில் பெட்ரோல் முன்னமே நின்றுவிட்டது. இன்ஜினைச் சுற்றுவது மலை. மலையை நிறுத்தும் சுவிட்ச் ஈசியுவிடம் இல்லை. சில ஆட்டோ கியர்பெட்டிகள் ஆபத்தான வேகம் வந்தால் தாமாகவே மேல் கியருக்கு மாறிவிடும். அப்படி மாறினால் இன்ஜின் தப்பிக்கும், ஆனால் கார் இன்னும் வேகமெடுக்கும். அதனால் முள் 5,000-ஐத் தாண்டப் பார்த்தால் பிரேக்கை ஒருமுறை நன்றாக அழுத்தி வேகத்தை இறக்குங்கள், அப்புறம் காலை எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே வழிநெடுக வருவதுதான் பேடைக் கருக்கும். கியர் மாற்றுவதை மலை உச்சியிலேயே, வேகம் பிடிக்கும் முன் செய்துவிடுங்கள். நியூட்ரலில் இறங்குவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வாடை வந்ததால் பேடையும் பிரேக் எண்ணெயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது பழைய கைகியர் காடி. 3-இல் நன்றாக இழுத்துவிட்டு 4-இல் போடப் போனேன். கை தவறி 2-இல் விழுந்துவிட்டது. கிளட்சை விட்டதும் ஒரே அலறல், உடனே மறுபடி மிதித்துவிட்டேன். அதிலிருந்து சும்மா நிற்கும்போது இன்ஜின் குலுங்குகிறது. லிமிட்டர் இருந்தும் இப்படி ஆகுமா, அண்ணே?
*வாசகர், கிள்ளான்*

ஆகும், தம்பி. டீச்சருக்குச் சொன்ன அதே காரணம்தான். அங்கே மலை சுற்றியது, இங்கே உன் சக்கரங்கள் சுற்றின. 3-ஆவது கியரின் விகிதம் 1.3, 2-ஆவதின் விகிதம் 1.9 என்று வைத்துக்கொள். 3-இல் 6,500-ஐத் தொட்ட நிலையில் 2-க்குப் போனால், சக்கரமும் கிளட்சும் வழுக்காதவரை இன்ஜின் 9,500 சுற்றியே ஆக வேண்டும். ஈசியு பெட்ரோலை நிறுத்தியிருக்கும், சந்தேகமில்லை. 1,000 கிலோ இரும்பு கிராங்கைப் பிடித்துத் திருகும்போது பெட்ரோல் நின்று என்ன பயன்?

குலுங்குகிறது என்றால் பெரும்பாலும் வால்வு வளைந்திருக்கும். முழுதாக மூடாத வால்வு கம்ப்ரெஷனைப் பிடிக்காது, அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. இனிமேல் ஓட்டிப் பார்க்காதே, டோ வண்டியில் கொண்டுபோ. வளைந்த வால்வின் தலை முறிந்து உள்ளே விழுந்தால் பிஸ்டன், ஹெட் இரண்டும் போகும். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளக்கச் சொல். ஒன்று மட்டும் குறைந்தால், வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். கழற்றினால் அதோடு நின்றுவிடாதே, அடியில் ராட் போல்ட்டையும் மாற்றச் சொல். ஒருமுறை எல்லை தாண்டி நீண்ட போல்ட் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும். அடுத்த மாதமோ அடுத்த வருடமோ அறும். வால்வு மட்டும் மாற்றிக்கொண்டு போன இன்ஜின் மறுபடி என்னிடமே வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

போர்ஷே கார்களின் ஈசியு இந்த மாதிரி மிஞ்சிய சுற்றுகளையெல்லாம் கணக்கெழுதி வைத்துக்கொள்கிறது. பழைய போர்ஷே வாங்குபவர்கள் அந்தக் கணக்கைப் படித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள்.

கை எப்படித் தவறுகிறது என்றும் சொல்கிறேன். கியர் குச்சி விட்டால் தானாக 3-க்கும் 4-க்கும் நடுவில் வந்து நிற்கும்படி உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. நாம் இறுக்கிப் பிடித்து நம் பக்கமோ அந்தப் பக்கமோ இழுத்துவிடுவதால்தான் வழி மாறுகிறது. 3-லிருந்து 4-க்கு வரும்போது குச்சியை விரலால் கவ்வாமல், திறந்த உள்ளங்கையால் நேராகப் பின்னே இழு. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் தேய்ந்திருந்தாலும், வேகமாக இழுக்கும்போது இன்ஜின் அசைந்து கியர் தடம் மாறும். அதையும் பார்க்கச் சொல்.

கேள்வி: 800 வெள்ளிக்கு ஈசியு ரீமேப் செய்து, அதாவது உள்ளே இருக்கும் அமைப்புகளை மாற்றி எழுதி, லிமிட்டரை 6,500-லிருந்து 7,500-க்கு ஏற்றித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். எக்ஸாஸ்டில் பட்பட்டென்று வெடிக்கும் சத்தமும் இலவசமாம். செய்யலாமா?
*வாசகர், பூச்சோங்*

வேண்டாம்.

உங்கள் இன்ஜினின் அதிகபட்சச் சக்தி 6,000-க்குப் பக்கத்தில் வருகிறது என்று கையேட்டில் எழுதியிருக்கும். அதற்கு மேல் சக்தி இறங்குமுகம். அந்தக் கேமும் காற்றுக் குழாயான அந்த மேனிபோல்டும் அதற்கு மேல் போதுமான காற்றை உள்ளே விடாது. 7,500 வரை சுற்றினால் சத்தம் கூடும், ஓட்டம் கூடாது. போல்ட்டின் மேல் இழுப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடும். போல்ட் பழையதேதான், ஸ்பிரிங்கும் பழையதேதான். ஈசியுவில் இருக்கும் ஓர் எண்ணை மாற்றினால் இரும்பு மாறாது.

ஹோண்டா 1999-இல் கொண்டுவந்த எஸ்2000 காரில் இன்ஜின் 9,000 வரை சுற்றும். அதைக் காட்டித்தான் பேசுவார்கள். அந்த இன்ஜினைக் காகிதத்தில் வரையும்போதே 9,000-க்கென்று வரைந்தார்கள்.

வெடிச்சத்தம் வேண்டுமென்றே எரியாத பெட்ரோலை எக்ஸாஸ்டுக்குள் அனுப்பி எரிப்பதால் வருவது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதில்தான் சாகும். அதை மாற்ற ஆகும் செலவு 800 வெள்ளியோடு நிற்காது. எம்.ஆர்.ஆர்.2 நெடுஞ்சாலை ஓரமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: ராத்திரி ஒரு மணிக்கு அந்தச் சத்தத்தில் எழுந்து அழும் குழந்தைகளையும் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: என் டீசல் பிக்கப்பில் சிவப்புக்கோடு 4,000-க்குச் சற்று மேலேயே வந்துவிடுகிறது. டீசலுக்கும் லிமிட்டர் உண்டா? டீசல் இன்ஜின் சாவியை எடுத்த பிறகும் நிற்காமல் சுற்றும் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?
*வாசகர், பத்துமலை*

உண்டு, பெட்ரோலைவிட டீசலுக்குத்தான் அது முதலிலிருந்தே தேவைப்பட்டது. பெட்ரோல் இன்ஜினில் ‘திராட்டில்’ காற்றை அடைத்து அளவாக உள்ளே விடுகிறது. டீசலில் காற்று தாராளம், தெளிக்கும் டீசலின் அளவுதான் எல்லாம். பாரம் இல்லாமல் அளவு கொஞ்சம் கூடிவிட்டாலும் வேகம் ஏறிக்கொண்டே போகும். அதனால் பழைய டீசல் பம்புக்குள்ளேயே கவர்னர் என்று ஒன்று இருக்கும். சுழலும் இரண்டு எடைகள். வேகம் கூடக்கூட அவை வெளியே விரிந்து, டீசல் தண்டைப் பின்னுக்கு இழுக்கும். 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினுக்கு வைத்த கவர்னரும் இதே முறைதான். என் அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் பள்ளியில் படிக்கும்போது, நடுவீட்டில் நின்று இரண்டு கைகளையும் விரித்துச் சுற்றிக்காட்டி இதை எனக்கு விளக்கினார். எலெக்ட்ரானிக் முறையில் டீசல் தெளிக்கும் இன்றைய காமன்ரெயில் இன்ஜின்களில் அந்த வேலையை ஈசியு செய்கிறது.

சிவப்புக்கோடு கீழே இருப்பதற்குக் காரணம், அதிக அழுத்தத்தைத் தாங்குவதற்காகப் பிஸ்டனும் ராடும் கனமாக இருக்கின்றன. டீசல் தெளிக்கப்பட்டு, கலந்து, எரிந்து முடிக்கவும் நேரம் வேண்டும்.

நிற்காமல் சுற்றும் என்பதும் உண்மை. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் சீல் தேய்ந்து, இன்ஜின் எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் கசிந்தால், இன்ஜின் அதையே டீசலாக எரிக்க ஆரம்பிக்கும். ஈசியு இன்ஜெக்டரை மூடினாலும், சாவியை எடுத்தாலும் நிற்காது. எண்ணெய் தீரும்வரையோ உடையும்வரையோ ஏறும். கைகியராக இருந்தால் பிரேக்கை முழுதாக மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விடுங்கள், இன்ஜின் திணறி நிற்கும். ஆட்டோவாக இருந்தால் காற்று போகும் வாயைத் தடித்த பலகையால் அடைக்க வேண்டும். கையாலோ துணியாலோ ஒருபோதும் அடைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும். இன்ஜின் ஏற்கெனவே அலறிக்கொண்டிருந்தால் பக்கத்தில் போகாமல் தள்ளி நில்லுங்கள். இன்ஜின் போனால் வேறு வாங்கலாம். டர்போ குழாயில் எண்ணெய் ஈரம் தெரிந்தாலோ, வெளியே நீலப்புகை வந்தாலோ அப்போதே பார்த்துவிட்டால் இதெல்லாம் நேராது.

கேள்வி: சிப்பாங்கில் ஃபார்முலா ஒன் நடந்தபோது அப்பா என்னை அழைத்துப் போயிருக்கிறார். அந்தக் கார்கள் 18,000 சுற்றினவாமே! நம் கார் மட்டும் ஏன் 6,500-இல் நிற்கிறது?
*வாசகி, காஜாங்*

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்தது. 2006-இல் 2.4 லிட்டர் வி8 இன்ஜின்கள் வந்தன. சில 20,000-ஐயும் தொட்டன. செலவைக் குறைக்கவும் ஒரே இன்ஜின் பல பந்தயங்களுக்குத் தாங்கவும் 2007-இல் 19,000 என்றும் 2009-இல் 18,000 என்றும் விதியே போட்டுக் கட்டிவைத்தார்கள். 2014-இல் வந்த டர்போ வி6-க்கு 15,000.

எப்படி முடிந்தது என்றால், அந்த வி8-இல் பிஸ்டனின் விட்டம் 98 மில்லிமீட்டர், ஓடும் தூரம் 40 மில்லிமீட்டருக்கும் குறைவு. மைவியின் பிஸ்டன் ஓடுவதில் பாதிகூட இல்லை. கணக்குப் போட்டால் 18,000-இல் அதன் சராசரிப் பிஸ்டன் வேகம் நொடிக்கு 24 மீட்டர்தான். மேலே சொன்ன ஹோண்டா எஸ்2000 தன் 9,000-இல் நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டுகிறது! சாலையில் ஓடும் ஒரு கார், பிஸ்டன் வேகத்தில் ஃபார்முலா ஒன்னை முந்துவதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

வால்வுக்கு அவர்கள் இரும்பு ஸ்பிரிங்கை நம்பவில்லை. அழுத்தப்பட்ட காற்றையே ஸ்பிரிங்காக வைத்தார்கள். ரெனோ 1986-இல் பந்தயத்துக்குக் கொண்டுவந்த முறை அது. அந்த இன்ஜின் சில பந்தயங்கள் ஓடினால் போதும். நம் இன்ஜின் 2 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். காலையில் பள்ளி வாசலில் அரைமணி நேரம் காத்தும் நிற்க வேண்டும்.

கேள்வி: ஜப்பானில் ஓடிப் பழையதாக இங்கே இறக்குமதியான ரீகண்ட் காடி. 180-ஐத் தொட்டதும் இழுவை நின்றுவிடுகிறது, முள் 5,000-இல்தான் இருக்கிறது. லிமிட்டர் கெட்டுவிட்டதா?
*வாசகர், ஷா ஆலாம்*

கெடவில்லை. ஜப்பானியக் கம்பெனிகள் உள்ளூரில் விற்கும் கார்களுக்குத் தாங்களாகவே வைத்துக்கொண்ட 180 கிலோமீட்டர் வேக வரம்பு அது. ரெவ் லிமிட்டர் வேறு, இது வேறு. நம் நெடுஞ்சாலை வரம்பு 110. அதை எடுக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.

கேள்வி: சில நாளாக என் கார் 3,000-ஐத் தாண்ட மறுக்கிறது. எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. லிமிட்டர் தானாகக் கீழே இறங்கிவிடுமா?
*வாசகி, பிரிக்பீல்ட்ஸ்*

இறங்கும், ஈசியுவே இறக்கிவைக்கும். ஏதோ ஒரு சென்சார் சொல்வது பொருந்தவில்லை என்றால், கார் பட்டறைவரை போய்ச் சேர்ந்தால் போதும் என்று சக்தியைக் குறைத்துவிடும். திராட்டில் பாடி, ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார், காற்றளவு சென்சார், கியர்பெட்டி, இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். விளக்கே எரியாமல் இழுவை மட்டும் குறைந்திருந்தால், அடைத்துப்போன கேட்டலிட்டிக்கை நான் முதலில் சந்தேகப்படுவேன்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள், பதிவாகியிருக்கும் பிழை எண் அதோடு அழிந்துவிடும், மெக்கானிக் இருட்டில் தேட வேண்டிவரும். முதலில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பிழை எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, எதை மாற்றுகிறார்கள், அந்த எண்ணுக்கும் அந்தச் சாமானுக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத பட்டறையில் காரை விடவேண்டாம்.